கேட்டால் மட்டும் சொல்லும் காப்பு

ஒருவனுக்கு அரசாங்கம் காப்பு மாட்டுகிறது என்றால் அவன் ஏதோ குற்றம் செய்திருக்கிறான் என்று பொருள். 2044-ஆம் ஆண்டில் பதினைந்திலிருந்து முப்பது வயதுக்குள் இருந்த எல்லோருக்கும் அரசாங்கம் காப்பு மாட்டியது. அவர்கள் செய்த குற்றம் இளமையாக இருந்தது ஒன்றுதான்.

மணிக்கட்டில் போடும் மெல்லிய வளையம் அது. ஊசி குத்தாமல், தோலுக்கு மேலிருந்தபடியே உள்ளே ஓடும் ரத்தத்தை வாரத்துக்கு ஒருமுறை படித்துவிடும். படித்ததைக் கூச்சமில்லாமல் வெளியே சொல்லவும் செய்யும். பெண் பார்க்கப் போன இடத்தில், பஜ்ஜியில் கை வைத்த மாப்பிள்ளையைப் பார்த்து அவன் காப்பு, "உங்களுக்குக் கொழுப்பு அதிகம்" என்று சபையறிய அறிவித்து, அந்தச் சம்பந்தம் அதோடு முறிந்த கதையெல்லாம் உண்டு.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் காப்பு வாயைத் திறக்காது. எச்.ஐ.வி. ஒருவரின் சம்மதம் இல்லாமல் அந்தச் சோதனையைச் செய்யக் கூடாது என்பது சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் காப்போ எல்லாவற்றையும் சேர்த்துப் படித்துவிடுகிறதே, என்ன செய்வது? இதற்கென்று கூடிய குழுவில் இருந்த வழக்கறிஞர் ஒருவர் வழி கண்டுபிடித்தார். காப்பு சோதனை செய்யவில்லை, சும்மா தெரிந்துவைத்துக்கொள்கிறது. மாட்டியிருப்பவர் பொத்தானை அமுக்கிக் கேட்கும்போதுதான் அது சோதனை ஆகிறது. குழுவில் இருந்த எல்லோரும் கை தட்டினார்கள்.

அடுத்து இன்னொருவருக்குச் சந்தேகம் வந்தது. பின்னால் யாராவது "நான் கேட்கவே இல்லை, பக்கத்தில் இருந்தவன் அமுக்கிவிட்டான்" என்று வழக்குப் போட்டால்? அதனால் கேட்கும்போது காப்பு ஒரு நிமிடம் முழுக்க நீல நிறத்தில் ஒளிரட்டும், அந்த நேரத்துக்குள் மாட்டியிருப்பவர் விரும்பினால் நிறுத்திக்கொள்ளட்டும் என்று முடிவு செய்தார்கள். நீலம் மனதுக்கு அமைதி தரும் நிறமாம். பதில் பத்துப் பூட்டுப் போட்டுப் பூட்டப்பட்டிருக்கும். அவரவர் கட்டைவிரலைத் தவிர யாருக்கும் திறக்காது. கேட்டது மட்டும் தெருமுனையில் நிற்பவனுக்கும் தெரியும்.

பத்து நாளில் தமிழுக்கு ஒரு புதிய வினைச்சொல் கிடைத்தது. நீலமாவது. "அந்தப் பொண்ணு நீலமாச்சாம்." "உன் பையன் காலேஜ்ல நீலமானான்னு கேள்விப்பட்டேனே?" கல்யாணத் தரகர்கள் ஜாதகத்தோடு இதையும் விசாரித்தார்கள். பதில் இல்லை என்று வந்ததா, உண்டு என்று வந்ததா என்பதில் யாருக்கும் அக்கறை இல்லை. கேட்கத் தோன்றியதே, அது போதாதா?

மூன்று ஆண்டு முடிவில் நூற்றுக்கு நூறு இளைஞர்களின் ரத்தமும் படிக்கப்பட்டிருந்தது. கேட்டவர்கள் நூற்றுக்கு மூன்று பேர். அதிலும் பாதிப் பேர் தவறுதலாக அமுக்கிவிட்டு அழுதவர்கள்.

இப்படியாக மதிவதனிக்கு வேலை வந்தது.

அவளுக்கு இருபத்தேழு வயது. சமூகப்பணியில் முதுகலை. கோயம்புத்தூரில் இருந்த இளையோர் நலத் தரவு மையத்தில் ஒப்பந்த ஆய்வாளர். தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை அஷ்வந்துக்கு ஓசூரில் பேட்டரி தொழிற்சாலையில் வேலை. ஆவணியில் நிச்சயம் முடிந்திருந்தது.

மையத்தின் இயக்குநர் கீர்த்திவாசன் அவளைக் கூப்பிட்டு ஒரு படிவத்தைக் கொடுத்தார். "இளையோர் கேட்காமைக்கான காரணிகள்" என்று தலைப்பு. நாற்பத்தாறு காரணிகள், வரிசை எண்ணோடு.

"டிசம்பர் ஒண்ணாம் தேதி அமைச்சர் அறிக்கையை வெளியிடறார். திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில அனுமதி வாங்கியாச்சு. ஆணும் பெண்ணுமா முந்நூத்தி நாப்பது பேர். எல்லாரையும் கேட்டு எண்ணைப் போட்டுட்டு வந்துரு."

மதிவதனி படிவத்தைப் படித்தாள். அறியாமை, அலட்சியம், கைபேசி மோகம், மேலைநாட்டுத் தாக்கம், அதிகாலையில் எழாமை. எல்லாம் இருந்தது.

"சார், நீல வெளிச்சம் இதுல இல்லையே?"

"அது சாதனத்தைப் பத்தினதும்மா. நம்ம ஆய்வு மனுஷங்களைப் பத்தினது."

"மனுஷங்க அந்த வெளிச்சத்துக்குப் பயந்துதானே சார் கேக்கல?"

"அப்படின்னா பயம்னு போடு. பதினேழாம் எண்." கீர்த்திவாசனுக்கு ஐம்பது வயது. காப்பு போடும் வயதைத் தாண்டியவர் என்பதால் பயம் என்றால் என்ன என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

கம்பெனியில் அவளுக்கு உணவுக்கூடத்தின் ஓரத்தில் ஒரு மேசை போட்டுக்கொடுத்தார்கள். பின்னால் இருந்த விடுதியில் தென் மாவட்டங்களிலிருந்து வந்த பெண்கள் அறைக்கு ஆறு பேராகத் தங்கியிருந்தார்கள். ஆண்களுக்கு எதிரே தனி விடுதி. ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள்.

"எனக்கெல்லாம் எப்படிங்க வரும்? நான் ஈரோட்டையே தாண்டினதில்லீங்க" என்றான் தையல் பகுதியில் இருந்த ஒருவன். அந்தக் கிருமியை ஈரோடு சுங்கச்சாவடியில் வழி மறித்திருக்கிறார்கள் என்பது அவன் எண்ணம். மதிவதனி பன்னிரண்டாம் எண், அறியாமை என்று போட்டாள்.

"எம் பொண்டாட்டியும் இங்கதாங்க வேலை பாக்குறா. நான் அமுக்குனா, எதுக்கு அமுக்குனேன்னு கேப்பா. அவ அமுக்குனா நான் கேப்பேன். ரெண்டு பேரும் அமுக்காம இருக்கறதாலதாங்க குடும்பம் நடக்குது." இதற்கு எண் எதுவும் பொருந்தவில்லை. குடும்பப் பற்று என்று ஒன்று இருந்தது, அதைப் போட்டாள்.

ஒரு பெண் சுகாதார மையத்துக்கே போயிருக்கிறாள். அங்கே இருந்த நர்ஸ், "கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்டுவிட்டு, அவள் கேட்காமலே சத்து மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.

இன்னொருத்தி குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "நான் அமுக்கிப் பாத்தேன்க்கா. பாத்ரூம்ல. கைல மூணு துண்டு சுத்திக்கிட்டு. துண்டும் நீலமாயிருச்சு, பாத்ரூமும் நீலமாயிருச்சு. வெளிய வரிசைல நின்னவளுக சிரிக்க ஆரம்பிச்சாளுக. பத்து செகண்டுல நிறுத்திட்டேன்." அரசாங்கக் கொள்முதலில் தரமாக வந்த பொருள் அந்த விளக்கு ஒன்றுதான் போலிருக்கிறது.

ஜோவிதா வந்தது இரண்டாம் நாள். துணியில் ஓட்டை, கறை பார்க்கும் செக்கிங் பகுதியில் வேலை. இருபத்தொரு வயது. பரமக்குடிப் பக்கம். உட்கார்ந்ததும் படிவத்தைத் தன் பக்கம் திருப்பி, நாற்பத்தாறையும் நிதானமாகப் படித்தாள், கறை தேடுவதைப் போலவே.

"எல்லாம் எங்க தப்பாவே இருக்கேக்கா."

"அப்படி இல்லம்மா..."

"கேட்டா, கேட்டது தெரிஞ்சிரும். அதான் கேக்கல. இதுக்கு எதுக்கு இம்புட்டு நம்பரு?" என்றவள், சட்டென்று மதிவதனியின் மணிக்கட்டைப் பார்த்தாள். "நீங்க கேட்டுட்டீகளாக்கா?"

"நான் ஆய்வு பண்றவ. நான் கேட்டா அது ஆய்வைப் பாதிக்கும்."

எந்தப் புத்தகத்திலும் இல்லாத அந்த விதியை அவள் அந்த நொடியில்தான் உண்டாக்கினாள். கேட்க வேண்டிய அவசியம் இருந்ததாகவும் அவளுக்குத் தோன்றியதில்லை. சென்னையில் படித்தபோது ஒருவன் இருந்தான். இரண்டு ஆண்டுப் பழக்கம். நல்லவன். கவிதை எழுதுவான், மற்றபடி ஒரு குறையும் சொல்ல முடியாது. படித்தவன், பண்பானவன். இந்த நோயெல்லாம் ஆய்வுக்கு உட்படுத்தப்படுகிறவர்களுக்கு வருவது. ஆய்வாளர்களுக்கு வருவதில்லை.

மூன்றாம் நாள் மதியம், சாப்பாட்டு நேரத்தில், ஐம்பதைத் தாண்டிய ஒருவர் உணவுக்கூட வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு துணிப்பை. காவலாளி மதிவதனியைக் கை காட்டினார். அவர் வந்து நின்றுகொண்டே பேசினார்.

"அம்மிணி, காப்பு ஆபீசருங்களா?"

"நான் ஆய்வுக்கு வந்திருக்கேங்க. உக்காருங்க."

"எம்பேரு சதீஷ்குமாருங்க. கோபி பக்கம். எம்பையன் பிரணவ் இங்க பேக்கிங்கில இருந்தானுங்க. போன மாசம் தவறிட்டானுங்க. அவன் துணிமணியெல்லாம் எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்." பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே காப்பு. "மூணு மாசமா இருமல். ஆஸ்பத்திரியில சேத்தப்பொறவுதான் ரத்தம் எடுத்துப் பாத்து என்ன வியாதின்னு சொன்னாங்க. சொன்ன மூணாம் நாளு போயிட்டான். அங்க ஒரு டாக்டரம்மா சொன்னாங்க, முன்னாலயே தெரிஞ்சிருந்தா ஆறு மாசத்துக்கு ஒரு ஊசி, அவ்வளவுதான், அறுபது எழுபது வயசு வரைக்கும் இருந்திருப்பான்னு."

உறையை அவள் பக்கம் நகர்த்தினார்.

"இது அவன் கையில மூணு வருசமா இருந்துதுங்க. இதுக்குத் தெரிஞ்சிருக்குமுங்களா?"

பயிற்சியில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். "சட்டப்படி, அவர் கேட்டாத்தான் அது சோதனைங்க. கேக்காத வரைக்கும்..."

"அதில்லீங்க. தெரியுமுங்களா, தெரியாதுங்களா?"

"தெரியும்ங்க."

அவர் தலையை ஆட்டினார். கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"விட்டமின் டி கம்மின்னு தெனமும் சொல்லுமாமுங்க. அதுக்காவ மத்தியானச் சோத்து நேரத்துல வெயில்ல போயி நிப்பானாம். கூட இருந்த பசங்க சொன்னாங்க. அவ்வளவு சொல்லத் தெரிஞ்சது இதைச் சொல்லலீங்களே. எங்க தோட்டத்துல ஒரு நாயி இருக்குதுங்க. பாம்பைக் கண்டா நாங்க கேக்கட்டும்னா உக்காந்திருக்கும்? கத்துமுங்க. ஊரையே கூட்டும். அதுக்கு யாரும் சட்டம் சொல்லித் தரலீங்க, அதனால கத்தும்."

காப்பை அவளிடமே விட்டுவிட்டுப் போனார். அதை வீட்டில் வைத்துக்கொள்ள அவருக்கு மனமில்லை. அரசாங்கச் சொத்து என்பதால் தூக்கிப் போடவும் பயம்.

ஜோவிதாவும் அவள் அறைப் பெண்களும் அடுத்த மேசையில் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் சாப்பிடவில்லை.

"அந்த அண்ணனுக்கு எந்த நம்பருக்கா போடுவீக?" என்று ஜோவிதா கேட்டாள்.

"இறந்தவங்க இந்த ஆய்வுல வர மாட்டாங்கம்மா."

சொன்ன பிறகு அந்த வாக்கியம் தன் வாயிலிருந்துதான் வந்தது என்பதை நம்ப அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அன்று மாலையே கீர்த்திவாசனைக் கூப்பிட்டாள். பிரணவின் கதையைச் சொன்னாள். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். இரண்டு முறை "த்சு" கொட்டினார். பிறகு சொன்னார்: "பாரும்மா, விளக்கை எடுக்கணும்னா சட்டத்தைத் திருத்தணும். சட்டத்தைத் திருத்தணும்னா குழு போடணும். குழு போடணும்னா அதுக்கு ஒரு ஆய்வறிக்கை வேணும்."

"அதைத்தானே சார் நாம எழுதறோம்?"

"நாம எழுதறது காரணிகள் பத்தி. உன் உணர்ச்சி எனக்குப் புரியுது. பதினேழுலயே போடு."

மறுநாள் ஜோவிதா அவள் மேசைக்கு வந்து, கேட்காமலே உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒருத்தி நீலமானா ஊரே பாக்கும். முந்நூத்தி நாப்பது பேரும் ஒரே நேரத்துல நீலமானா யாரைப் பாப்பாக?"

மதிவதனி பேனாவை மூடினாள்.

"நாளைக்கு மத்தியானம். சாப்பாட்டு நேரம் முடிய அஞ்சு நிமிசம் இருக்கும்போது ஒரு சங்கு ஊதுவாகல்ல, அப்ப. எல்லா ரூமுக்கும் சொல்லியாச்சு. ஆம்பளப் பசங்ககிட்டயும் சொல்லியாச்சு. ஒரே ஒரு கண்டிசன். பதிலு வந்ததும் யாரும் யாரு மூஞ்சியையும் பாக்கக் கூடாது. அவுக அவுக தட்டைத்தான் பாக்கணும். நான் எந்திரிச்சுப் போயிக் கை கழுவற வரைக்கும்."

வல்லுநர் குழுவின் எத்தனையோ கூட்டங்களிலும் யாருக்கும் தோன்றாத தனியுரிமைப் பாதுகாப்பு அது. தட்டைப் பார்ப்பது.

"நான் இதுல கலந்துக்க முடியாது ஜோவிதா. விதிமுறை இருக்கு."

"உங்களை யாருக்கா கூப்பிட்டா?" என்று சிரித்துவிட்டு அவள் போய்விட்டாள்.

மறுநாள் மதிவதனி உணவுக்கூடத்தில், தன் ஓர மேசையில்தான் இருந்தாள். சாம்பார் சாதம், முட்டைக்கோஸ் பொரியல். முந்நூற்று நாற்பது பேர் இருக்கும் கூடம் அவ்வளவு அமைதியாகச் சாப்பிட்டு அவள் பார்த்ததில்லை. சங்கு ஊதியது.

ஜோவிதாவின் கை நீலமானது. அவள் பக்கத்தில் இரண்டு பேர். கடைசி வரிசையில் ஒருவன். அவ்வளவுதான். மற்றவர்கள் கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். எல்லோரும் அமுக்கினால் நானும் அமுக்குகிறேன் என்று முந்நூற்றுச் சொச்சம் பேர் காத்திருந்தார்கள். ஐந்து நொடி. பத்து நொடி. ஆண்கள் பக்கத்திலிருந்து யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. ஜோவிதாவின் முகம் வெளிறுவதை மதிவதனி பார்த்தாள். அவள் கையை இறக்கவில்லை. நாளையிலிருந்து இந்த விடுதியில் அந்தப் பெண்ணின் பெயர் என்னவாக இருக்கும் என்பது மதிவதனிக்குத் தெரியும்.

யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டாள். எழுந்து நின்று, எல்லோரும் பார்க்கும்படி கையைத் தூக்கி, தன் காப்பை அமுக்கினாள்.

"ஏய், அந்த ஆபீசரு அக்காவே அமுக்கிட்டாகடி!"

பிறகு யார் முதலில், யார் அடுத்து என்று சொல்ல முடியாது. ஒரு மேசை, அதற்கடுத்த மேசை, ஒரு வரிசை. தண்ணீர்த் தொட்டி நிரம்புவது போல நீலம் ஏறியது. சாம்பார் நீலமானது. மோர் நீலமானது. அந்தக் கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவரையொருவர் முறைத்தபடி, ஒரே நேரத்தில் அமுக்கினார்கள். முப்பத்தைந்து வயதானதால் காப்பு இல்லாத சூப்பர்வைசர், மின்கசிவு என்று நினைத்து மெயின் சுவிட்சைத் தேடி ஓடினார். மின்விசிறிகள் நின்றன. நீலம் நிற்கவில்லை.

ஒரு நிமிடம் கழித்து வெளிச்சங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. எல்லோரும் கட்டைவிரலை வைத்தார்கள். எல்லோரும் தட்டைப் பார்த்தார்கள்.

மதிவதனியும் விரலை வைத்தாள். தனக்கு வரப்போகும் பதில் அவளுக்குத் தெரியும்; பரீட்சையில் முதல் மாணவி மதிப்பெண் பட்டியலைப் பார்ப்பது போலத்தான் பார்த்தாள்.

"நேரில் பேச வேண்டியிருக்கிறது. அருகிலுள்ள மையத்துக்கு வரவும். பயப்பட வேண்டாம். ஆனால் வரவும்."

அவள் மூன்று முறை படித்தாள். பிறகு, நிபந்தனைப்படி, தட்டைப் பார்த்தாள். தட்டில் முட்டைக்கோஸ் மிச்சம் இருந்தது. அதை ஒரு துணுக்கு விடாமல் சாப்பிட்டாள். ஜோவிதா எழுந்து கை கழுவப் போகும் சத்தம் கேட்கும் வரை தலையைத் தூக்கவில்லை.

மையத்தில் இருந்த நர்ஸ் நல்ல பெண்மணி. பழைய முறைப்படி மறுபடியும் ரத்தம் எடுத்து, உறுதி செய்துகொண்டு, எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இன்னைக்கே முதல் ஊசி போட்டுடலாம். அப்புறம் ஆறு மாசத்துக்கு ஒண்ணு. மூணு நாலு மாசத்துல ரத்தத்துல தேடினாலும் கிடைக்காத அளவுக்குக் கொறஞ்சிடும். அப்படிக் கொறஞ்சிட்டா அடுத்தவங்களுக்குப் போகாது. கல்யாணம், குழந்தை எல்லாம் உண்டு. சரியா?"

"எப்ப இருந்து இருக்குன்னு தெரியுமா சிஸ்டர்?"

நர்ஸ் திரையைப் பார்த்தாள். சொல்லத் தயங்கினாள். "காப்பு மாட்டின மொத வாரமே அதுக்குத் தெரிஞ்சிருக்கும்மா."

மூன்று ஆண்டுக்கு மேல். இந்த மூன்று ஆண்டில் எச்.ஐ.வி. விழிப்புணர்வு குறித்து அவள் நான்கு பயிற்சிகளில் கலந்துகொண்டிருந்தாள். நான்கிலும் சான்றிதழ் வாங்கியிருந்தாள். ஒன்றில் சிறந்த பங்கேற்பாளர்.

"சொல்ல வேண்டியவங்க யாராவது இருக்காங்களா?"

கவிதைக்காரன் துபாயில் எங்கோ இருந்தான். பழைய எண் எங்காவது இருக்கும், தேட வேண்டும். அஷ்வந்தோடு நிச்சயத்துக்குப் பிறகு இரண்டு முறை ஏற்காடு போய் வந்திருந்தாள். ஏரியை மட்டும் பார்த்துவிட்டு வந்தார்கள் என்று சொல்ல முடியாது.

"ரெண்டு பேர்" என்றாள்.

டிசம்பர் ஒன்றாம் தேதி அறிக்கை வெளியானது. உணவுக்கூடத்தில் நடந்தது "மின்தடை காரணமாக ஏற்பட்ட சாதனக் கோளாறு" என்று ஓர் அடிக்குறிப்பில் இருந்தது. அந்த முந்நூற்று நாற்பது பேரும் கணக்கிலிருந்து நீக்கப்பட்டதால், ஆய்வு யாரையும் ஆராயாமலே முடிவுக்கு வந்திருந்தது: இளைஞர்களிடம் விழிப்புணர்வு போதவில்லை. பரிந்துரையும் ஒன்று இருந்தது. நீலத்தை மாற்றி இதமான ரோஜா நிறமாக்கலாம். மதிவதனி தன் பெயரை எடுத்துவிடச் சொன்னாள். சந்தோஷமாக எடுத்துவிட்டார்கள்.

ஆனால் அந்த மதியத்தை யாரோ படம் பிடித்திருந்தார்கள். பல்லடத்தில் ஒரு ஆலை, பெருந்துறையில் ஒரு கல்லூரி, கரூரில் ஒரு பேருந்துப் பணிமனை என்று மதியச் சங்குக்கு நீலமாவது பரவியது. உடனே சுற்றறிக்கை வந்தது: கூட்டமாகக் கேட்பது தனிமனித அந்தரங்கத்துக்கு எதிரானது, எனவே தடை செய்யப்படுகிறது. ஜோவிதாவுக்குக் கம்பெனியில் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். அதில் ஓர் எழுத்துப்பிழை இருப்பதைக் கண்டுபிடித்து, வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாளாம்.

இதற்கெல்லாம் முன்னால், ஊசி போட்ட அந்த வார ஞாயிற்றுக்கிழமையே அஷ்வந்த் ஓசூரிலிருந்து வந்தான். அவள் கோயம்புத்தூரிலிருந்து போனாள். நடுவில் சேலத்தில், புதிய பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு ஓட்டலில் காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். முகூர்த்த நாள் என்பதால் கூட்டம் நெரிந்தது. வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் எதுவும் வரவில்லை.

"எனக்கு இருக்கு அஷ்வந்த். ஊசி போட்டாச்சு. எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேன்."

அவன் தோசையைப் பிய்த்தபடியே இருந்தான். பிய்த்ததைச் சாப்பிடவில்லை.

"நான் கேட்டிருக்கேன்" என்றான் கடைசியில்.

"என்ன?"

"நிச்சயத்துக்கு முன்னாடி. மேட்டூர் போயி, ஆத்துல எறங்கி, தண்ணிக்குள்ள கையை வச்சு அமுக்கினேன். நல்ல வெயில். நீலம் தெரியவே இல்ல. இல்லன்னு வந்துச்சு."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா, எதுக்குக் கேட்டேன்னு கேட்டிருப்ப."

கேட்டிருப்பாள்தான். அவளுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. நோய் இல்லை என்ற நல்ல செய்தியை ஒருவன் ஆற்றுக்குள் ஒளித்துவைத்திருக்கிறான்!

"சரி, இப்பக் கேக்கறேன். எதுக்குக் கேட்ட?"

"அம்மாதான் கேக்கச் சொன்னாங்க." அவன் நிமிர்ந்து பார்த்தான். "அம்மாவுக்கு இருக்கு மதி. நான் பொறக்கறதுக்கு முன்னால இருந்தே. மாசமா இருக்கறவங்களுக்கு ஆஸ்பத்திரியிலயே பாப்பாங்கல்ல, அப்பத் தெரிஞ்சது. மாத்திரை சாப்பிட்டாங்க, எனக்கு வரல. அப்பாவையும் வந்து பாத்துக்கோங்கன்னு சொன்னாங்களாம். எனக்கு எதுக்கு, நான் ஆம்பளைன்னாராம். எனக்கு ஒம்பது வயசுல சுவத்துல போட்டோ ஆயிட்டாரு."

மதிவதனிக்குத் தன் வருங்கால மாமியாரை நினைத்தாலே பயம். தலைமை ஆசிரியை. பார்வையாலேயே பிரம்பெடுப்பவர். அந்த அம்மாள் முப்பது ஆண்டாக, தினமும் பள்ளி மணிக்கு முன்னால் ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு வரிசையாக நிற்கும் பிள்ளைகளை அதட்டியிருக்கிறார்.

"இதை எங்கிட்ட மறைச்சுதான் கல்யாணம் பண்றதா இருந்தீங்களா?"

"அது அம்மா விஷயம். அவங்க சொல்லணும்." பிறகு மெல்லச் சொன்னான், "சொல்ல ஆள் இல்லாமதான் சொல்லல."

அவன் எழுந்து கை கழுவிவிட்டு வந்து, வலது கையை மேசைமேல், சட்னிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தான். "ஏற்காட்டுக்கு அப்புறம் நான் கேக்கல. இப்பக் கேக்கணும்ல?"

"இங்கயா? ஊரே பாக்குது."

"பாக்கட்டும். இதுக்காக மேட்டூர் வரைக்கும் பஸ் ஏற முடியாது."

அமுக்கினான். பட்டுப்புடவைகளும் பட்டு வேட்டிகளும் நிறைந்த அந்த ஓட்டலில் நீலம் அடித்தது. பக்கத்து மேசையில் ஒருவர் தன் மகளின் தலையைப் பிடித்துச் சுவர்ப்பக்கம் திருப்பினார். இன்னொருவர், வெளிச்சம் தொற்றிக்கொள்ளும் என்பது போல, இட்லித் தட்டைத் தன் பக்கம் நகர்த்தினார். ஒரு நிமிடம் என்பது அறுபது நொடி என்று கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. மதிவதனி அவனுடைய தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லன்னுதான் வந்திருக்கு."

"மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவை பாக்கணும்னு சிஸ்டர் சொன்னாங்க."

"பாப்போம்" என்றவன், கைபேசியை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டான். நான்கே வாக்கியங்களில் விஷயத்தைச் சொன்னான். அவன் காதில் வைத்தபடியே மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் கைபேசியை அவளிடம் நீட்டினான்.

"அத்தை..." என்றாள்.

"சாப்பிட்டியா கண்ணு?"

"சாப்பிட்டேங்கத்தை."

"ஊசி போட்ட எடத்துல ரெண்டு நாளைக்கு வலிக்குமாம். வெந்நீர் ஒத்தடம் குடு. எங்க காலத்துல மாத்திரை, உங்களுக்கு ஊசி. குடுத்து வச்சவங்க." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு தலைமை ஆசிரியையின் குரல் திரும்பி வந்தது. "இங்க பாரு. கல்யாணத் தேதி முன்னப்பின்ன ஆனாலும் பரவாயில்ல. ஊசித் தேதி ஒரு நாள் தவறுச்சுன்னு தெரிஞ்சா, நான் மாமியாரா வர மாட்டேன். ஹெட்மிஸ்ட்ரஸா வருவேன்."